வேண்டாம் என்று சொல்லும் முறை

1

கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருக்கிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இரும்பு மூக்கு வைத்த என் வேலைச் சப்பாத்துகள். காய்கறிக் கிடங்கில் ஆட்களின் தலைவனுக்கு உரிய பச்சை மேல்சட்டையை மடித்து, மேலாளர் டெபியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாயிற்று. பர்மிங்ஹாம் மழைக்கு எங்கள் ஊர் மழையின் நேர்மை கிடையாது. இலங்கையில், தெரணியகலையில் மழை வந்தால் தகரத்தில் தட்டி, வந்துவிட்டேன் என்று சொல்லும். இங்கே சட்டை நனைந்த பிறகுதான் பெய்துகொண்டிருந்தது தெரியும்.

விட்டுவிட்டுப் போவது எனக்குப் பழகிய தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அதற்கு மேல் வகுப்பும் இல்லை, ஆகவே பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்றும் சொல்லலாம். பிறகு ரப்பர் பால் வெட்டுவதை விட்டேன். கடைவீதியில் காதர் மொதலாளியின் பலசரக்குக் கடையை விட்டேன். துபாயில் சீமெந்து, சைப்ரஸில் படுக்கையில் கிடந்த ஒருவருக்குத் துணை, இத்தாலியில் இரும்புப் பட்டறை என்று எல்லாவற்றிலிருந்தும் இப்படி ஒரு பையோடு நடந்து வெளியேறியிருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் நான் விட்டது கூலி வேலை. இன்று மத்தியானம் விட்டது ஒரு பதவி. பதவியை விட்டவன் எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கூலியை விட்டவன் மாதிரியே நடக்கிறேன்.

நடந்தபடியே நவாஸுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

நவாஸும் இலங்கைக்காரன்தான், ஊர் வரக்காப்பொலை. என்னோடு அதே காய்கறிக் கிடங்கில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிறவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். மனைவி பஸீலாவும் மகனும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை இங்கே அழைக்க வேண்டும் என்றால், அரசாங்கம் சொல்லும் அளவுக்குச் சம்பளம் வாங்குவதாகக் காட்ட வேண்டும். எங்கள் கிடங்கில் அந்த அளவு சம்பளம் பச்சைச் சட்டைக்கு மட்டும்தான். அவன் மகனிடம் வாப்பா எங்கே என்று கேட்டால், "சார்ஜ் ஏறிட்டு இருக்காரு" என்று, சுவரில் சார்ஜுக்குச் செருகிய தொலைபேசிப் பக்கம் கையைக் காட்டுகிறானாம். நவாஸ் இதைச் சிரிப்பாகத்தான் எங்களுக்குச் சொன்னான். சொல்லிவிட்டு வாழைப்பழப் பெட்டிகளை இறக்கப் போய்விட்டான்.

அந்தப் பச்சைச் சட்டையைத்தான் நான் மூன்று வாரம் போட்டிருந்தேன்.

2

பழைய தலைவர் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்கு வெயில் காயப் போனதும் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். தகுதி ஒன்றுதான் அளவுகோல், நிறமோ நாடோ மதமோ வயதோ பார்க்கப்படாது என்று எழுதியிருந்தது. எனக்கு அதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. நான் பிறந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்த கங்காணி யார் என்பது அவன் தொட்டிலில் கிடக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். தோட்டத் தலைவர் பதவியும் அப்படித்தான், அப்பாவுக்குப் பிறகு மகன். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவன், தகுதி என்ற சொல்லைக் கண்டால் தொப்பியைக் கழற்றத்தான் செய்வான்.

டெபி கெட்டவள் இல்லை. அறிவித்தல் ஒட்டிய அன்றே கீழே இறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் நவாஸிடம் கேட்டாள்.

"நீ இதற்குப் பொருத்தமானவன். விண்ணப்பிக்க விருப்பமா?"

நவாஸ் நெஞ்சில் கையை வைத்து, தலையைக் குனிந்தான். "இல்லை, இல்லை. எனக்கு அவ்வளவு தகுதி இல்லை. என்னைவிட நல்லவர்கள் இங்கே இருக்கிறார்கள்" என்றான்.

வரக்காப்பொலையில் இது பேச்சின் ஆரம்பம். கேட்டவர், "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, ஒங்கள விட்டா யாரு?" என்று மறுபடி கேட்க வேண்டும். இவன் இன்னொரு தடவை, கொஞ்சம் குரல் இறங்கி, வேண்டாம் என்பான். மூன்றாம் தடவை கேட்டதும், "எல்லாரும் இவ்வளவு செல்றதால..." என்று இழுப்பான். சொல்வதை அங்கே செல்வது என்பார்கள். அந்த இழுப்புதான் சம்மதம், ஓம் என்பது. டெபிக்கு இந்த வழியெல்லாம் தெரியாது.

"நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. உன் முடிவை மதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அன்று முழுக்க நவாஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் பேச்சில் அண்ணன்.

"நானா, அவ திரும்ப எறங்கி வருவாவா?"

"எதுக்கு?"

"கேக்கத்தான்."

"அதான் கேட்டுட்டாங்களே."

"ஒரு தரம்தானே கேட்டா!"

"இங்க ஒரு தரம்தான் தம்பி."

அவன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். "அப்ப மனுசன் எப்பிடி ஓம் செல்றது?"

அந்தப் பெட்டியை நானே தூக்கி அடுக்கினேன்.

விடாமல் இழுத்துக்கொண்டு போய் அவனைக் கணினியின் முன்னால் உட்கார வைத்தேன். அதில் ஒரு கேள்வி: ஆட்களை வழிநடத்துவதில் உங்களுக்கு நீங்களே ஐந்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்? அவன் இரண்டு போட்டான்.

"அடேய், நாலு போடு."

"பெரும வந்திரும் நானா."

"மூணாச்சும் போடு."

"ரெண்டே கூடிப்போச்சு" என்றான். பிறகு நம்பகம், பொறுமை, முடிவெடுத்தல் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டே போனான். பொறுமையில் மட்டும் சிறிது யோசித்து ஒன்றாகக் குறைத்தான்.

3

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வழக்கம் எங்கிருந்து வருகிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காதர் மொதலாளி கடையில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் அந்தக் கடைவீதிப் பள்ளிவாசலுக்குத் தலைவர் தெரிவு வந்தது. நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், எனக்கு அதில் வாக்கும் இல்லை வேலையும் இல்லை. ஆனால் மொதலாளிக்கு இருந்தது. தலைவராக வர அவருக்குக் கொள்ளை ஆசை. எதிரே பலகை விற்கும் மரக் காலை வைத்திருந்த சுபைர் ஹாஜியாருக்கும் அதே ஆசை. இருவருக்கும் ஒரே தடைதான். பதவியைக் கேட்டு வருகிறவனுக்கு அதைக் கொடுப்பதில்லை என்பது நபிகள் நாயகத்தின் சொல். அந்த வீதியில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆகவே, கேட்கக் கூடாது. கேட்காமல் வாங்க வேண்டும்.

மொதலாளி கண்டுபிடித்த வழி, வேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுப்புவது.

"இந்தா அந்தோணி, இந்தப் பேரீச்சம்பழத்த மேல் வீட்டுக்குக் குடு. குடுத்துட்டு, மொதலாளிக்குத் தலைவர் பதவியில விருப்பமே இல்லன்னு செல்லிட்டு வா."

"அவங்க ஒண்ணும் கேக்கலியே மொதலாளி."

"கேக்காட்டியும் செல்லு."

நான் வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் எனக்கு முன்னாலேயே சுபைர் ஹாஜியாரின் ஆள், அவருக்கும் விருப்பமில்லை என்று கருவாட்டுப் பொட்டலத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒரு வீட்டில், "யாருக்கு ரொம்ப விருப்பமில்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கூடிப் பேசினார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். பெரியவர் ஒருவர் எழுந்து காதர் மொதலாளியின் பெயரைச் சொன்னார். மொதலாளி எழுந்து, தான் பாவி, தனக்கு ஏலாது, தன் தோளுக்கு இந்தப் பாரம் தாங்காது என்று கண் கலங்கப் பேசினார். அடுத்துப் பெயர் சொல்லப்பட்ட சுபைர் ஹாஜியார் எழுந்து, காதரே பாவியென்றால் தான் எம்மாத்திரம் என்று அதைவிட நன்றாகப் பேசினார். இருவரும் இரண்டாம் முறையும் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் முறை கேட்க வேண்டிய நேரத்தில், பின்வரிசையில் இருந்த பஸ்காரர் ஒருவர் எழுந்தார்.

"மொதலாளியும் ஹாஜியாரும் இவ்வளவு அழுது கேக்கிறாங்க. வற்புறுத்திப் போடுறது பாவம்தானே? ரஷீத் நானாவப் போடுவோம்."

தையல்கார ரஷீத் நானா அன்று ஊரிலேயே இல்லை. எம்பிலிப்பிட்டியவுக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தார். கேட்காதவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் அவரைவிடக் கேட்காத ஆள் யார்? எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். மொதலாளியும் ஹாஜியாரும்கூட, வேறு வழி தெரியாமல், கை தூக்கினார்கள். செய்தி கேட்ட ரஷீத் நானா மகள் வீட்டிலேயே பதுங்கிக்கொண்டார். ஆள் அனுப்பித்தான் கூட்டி வந்தார்கள்.

அவர் பள்ளிவாசலைச் சிறப்பாக நடத்தினார் என்று எழுதினால் கதை அழகாக முடியும். நடத்தவில்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும் இடத்தில் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகியது. ஆனால் ஒன்று இருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று அவரை நடுவீதியில் நிறுத்தி ஏசலாம். நான்கூட ஏசியிருக்கிறேன், வேதக்காரன் நான். "சரி மகன், பாக்குறேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு போவார். பார்க்க மாட்டார், அது வேறு விஷயம்.

4

என் விண்ணப்பத்தை நான் எழுதவில்லை. என் மகள் ஜெனி எழுதினாள். இத்தாலியில் பிறந்து இங்கே வளர்ந்தவள். அவள் பேசும் தமிழில் இத்தாலி வாசம் வீசும், இங்கிலீஷ் வாசமும் வீசும், தெரணியகலைதான் வீசாது.

"அப்பா, எல்லாத்துலயும் அஞ்சு போடணும்."

"எனக்கு எதுலம்மா அஞ்சு?"

"அப்பிடிக் கேக்கக் கூடாது. நீங்க உங்கள நம்பலன்னா அவங்க எப்பிடி நம்புவாங்க?"

படிப்பு என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று போடப் பார்த்தோம். கணினியில் அதற்கு இடமே இல்லை. ஜெனி 'வெளிநாட்டுத் தகுதி' என்பதைத் தெரிவு செய்தாள். பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் தோட்டம் வெளிநாட்டில்தான் இருக்கிறது. நேர்முகத்தில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பார்கள், அளவுக்கு மீறி உழைப்பது என்று சொல்லுங்கள் என்றாள். கேட்டார்கள். சொன்னேன். மூன்று பேரும் மிகவும் கனிவாகத் தலையசைத்தார்கள். காதர் மொதலாளி அங்கே இருந்திருந்தால், வீடு வீடாகப் பேரீச்சம்பழம் அனுப்பிய செலவை நினைத்து வயிறெரிந்திருப்பார்.

அப்படி நான் தலைவனானேன். நவாஸ் முதலில் வந்து கையைப் பிடித்து, "மாஷா அல்லாஹ் நானா, சந்தோசம்" என்றான். அவன் கண்ணைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

முதல் நாள் காலையில் ஆட்களைக் கூட்டி நாலு வார்த்தை பேசச் சொன்னாள் டெபி. நவாஸிடம் யோசனை கேட்டேன். எனக்குத் தெரிந்தவர்களில் ஆட்சியைப் பற்றி அவன்தான் படித்தவன், ஓதும் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்தவன்.

"நபிக்குப் பொறகு முதலாவது கலீஃபா பதவிக்கு வந்தப்ப செல்லினத செல்லுங்க. அத விட நல்ல பேச்சு ஒண்டும் இல்ல" என்றான்.

நானும் என் உடைந்த இங்கிலீஷில் அப்படியே சொன்னேன். உங்களுக்குத் தலைவனாக என்னை வைத்திருக்கிறார்கள், ஆனால் நான் உங்களில் சிறந்தவன் இல்லை, சரியாகச் செய்தால் கைகொடுங்கள், தவறினால் திருத்துங்கள்.

ஆட்கள் கைதட்டினார்கள். எரித்ரியாக்காரன் தெஸ்ஃபாய் விசிலே அடித்தான். டெபியின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"சிறந்தவன் இல்லை என்று ஏன் சொன்னாய்?"

"உண்மை என்பதால்."

"உன்னைத் தேர்ந்தெடுத்ததே சிறந்தவன் என்பதால்தான். நீ இப்படிச் சொன்னால் எங்கள் தேர்வுமுறைமேல் சந்தேகம் வரும்."

ஆட்களோ, நான் சொன்னதை நம்பிவிட்டார்கள். தவறினால் திருத்துங்கள் என்றேன் அல்லவா, திருத்தத் தொடங்கினார்கள். நானும் அவர்களுக்கு வேலை வைத்தேன். வெங்காய லொறியைத் தக்காளி இறக்கும் கதவுக்கு அனுப்பினேன். குளிரூட்டிய லொறியைக் கதவு திறந்தபடி நிறுத்தினேன். தேநீர் வேளையை மறந்தேன், அதுதான் இருப்பதிலேயே பெரிய குற்றம். "தலைவரே, தவறு!" என்று கிடங்கின் மறு கோடியிலிருந்து தெஸ்ஃபாய் கத்துவான். நான் கையைத் தூக்கி ஒப்புக்கொள்வேன். அப்படிக் கத்தும்போதெல்லாம் மாடி ஜன்னலில் டெபியின் முகம் தெரியும்.

தேநீர் நேரத்தில் நவாஸ் அந்தக் காலத்துக் கதைகளைச் சொல்வான், நான் இங்கிலீஷில் முடிந்தவரை மற்றவர்களுக்குக் கடத்துவேன். இரண்டாவது கலீஃபா மேடையில் ஏறி, கேளுங்கள், கீழ்ப்படியுங்கள் என்றாராம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கேட்க மாட்டோம் என்றாராம். எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டுத் துணிதான் பங்கு வந்தது, நீர் உயரமானவர், உமக்கு மட்டும் முழுச் சட்டை எப்படி வந்தது என்று கேட்டாராம். கலீஃபா கோபப்படவில்லை. மகனை எழுந்து பதில் சொல்லச் சொன்னார். தன் பங்கையும் வாப்பாவுக்குக் கொடுத்ததாக மகன் சொன்ன பிறகுதான் கேட்டவர், "இப்போது சொல்லும், கேட்கிறோம்" என்று உட்கார்ந்தார்.

"பிறகு அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களா?" என்று தெஸ்ஃபாய் கேட்டான்.

"இல்ல" என்றான் நவாஸ்.

"நல்ல நாடு" என்றான் தெஸ்ஃபாய்.

"அது கனகாலம் நிக்கல்ல. நாலு கலீஃபாமாருக்குப் பொறகு வாப்பாமாரு மகன்மாருக்குக் குடுக்கத் தொடங்கிட்டாங்க."

"எங்க தோட்டத் தலைவருங்க மாதிரி" என்றேன் நான்.

"அந்த நாலு பேர்லயும் மூணு பேரக் கொலதான் செஞ்சாங்க நானா" என்று நவாஸ் மெதுவாகச் சொன்னான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இன்னொரு நாள் காதர் மொதலாளியின் கதையைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் புரியாமல் சிரிக்கவில்லை. தங்கள் ஊரில் விருந்தாளி மூன்றாம் தடவைதான் சாப்பாட்டுக்குச் சம்மதிப்பான் என்றான் தெஸ்ஃபாய். எங்களோடு பெட்டி தூக்கும் பஞ்சாபி ஐயா, ரொட்டி விஷயத்தில் தங்களுக்கும் அதே சட்டம்தான் என்றார். அப்போதுதான் நவாஸுக்கு என்ன நடந்தது என்பது அவர்களுக்கு விளங்கியது.

5

நான் அதிகம் படித்தவன் இல்லை, இரண்டு ஆட்சி முறைகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் கிடையாது. ஐந்துக்கு ஒன்று போடுங்கள். ஆனால் மூன்று வாரம் நாற்காலியில் இருந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஆளை எப்படித் தெரிவு செய்தாலும் பிழை வரும். தகுதி பார்த்தார்கள், நான் வந்தேன். கேட்காதவரைப் பார்த்தார்கள், ரஷீத் நானா வந்தார். இரண்டு இடத்திலும் குழாய் ஒழுகியதுதான். வித்தியாசம், ஒழுகுகிறது என்று யாரிடம் சொல்லலாம் என்பதில் இருக்கிறது. தகுதியால் வந்தவனைப் பற்றி மாடியில் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் தவறினான் என்றால் அளவுகோல் தவறியது என்று ஆகிவிடும். ஆகவே, எல்லோரும் சேர்ந்து அவன் தவறவில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கலீஃபா வென்றுகொண்டிருந்த தளபதியையே நீக்கினார் என்று நவாஸ் சொல்வான். டெபியால் தோற்றுக்கொண்டிருந்த என்னைக்கூட நீக்க முடியவில்லை.

ஆகவே, நானே நீங்குவது என்று முடிவு செய்தேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கால் எங்கேயும் நிலைத்து நின்றதில்லை என்பதும் ஒரு காரணம். வெங்காய லொறி இன்னொரு காரணம். ஆனால் நவாஸின் மகன் சுவரைக் காட்டுகிறான் என்பது இல்லாவிட்டால் சம்பளத்துக்காகவாவது சகித்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானம் மாடிக்குப் போனேன்.

"எனக்குப் பதிலாக நவாஸைப் போடுங்கள்" என்றேன். முதலாவது கலீஃபாவும் தனக்குப் பின் இன்னார் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"அப்படி நீ பெயர் சொல்ல முடியாது. பதவி காலியானால் மறுபடி எல்லோரும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும்."

"அதுவரை லொறி வராதா?"

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். லொறிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

"தற்காலிகமாக ஒருவரைப் போடலாம்" என்றாள்.

"முழுச் சம்பளமா?"

"பதவியின் சம்பளம்தான். ஆனால் தற்காலிகம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு கிளாக்கர் தற்காலிகமாக வேலைக்கு வந்து, தற்காலிகமாகவே இருந்து, தற்காலிகமாகவே ஓய்வு பெற்றார். அவருக்குக் கடைசிவரை 'ஆக்டிங் கிளாக்கர்' என்றுதான் பெயர்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். நவாஸ் அன்னாசிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றான்.

"தம்பி, நான் போறேன். இப்ப மேலேருந்து கீழ வந்து ஒன்னக் கேப்பாங்க. ஒரே ஒரு தரம்தான் கேப்பாங்க. ஓம்னு சொல்லிரு."

"நீங்க பைத்தியமா நானா? என்னத்துக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

"ஒரு தரம்தான்டா. ஞாபகம் வச்சுக்க."

"நீங்க போனா நான் எப்பிடி அந்தச் சட்டயப் போடுறது? ஆளு பாத்தா என்ன நெனப்பாங்க?"

"இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. அதான் இந்த நாட்டுல உள்ள நல்லது."

இனியும் நின்றால் அவன் என்னையும் மூன்று தடவை கேட்கத் தொடங்குவான் என்று பயந்து வெளியே வந்துவிட்டேன். அப்படித்தான் இந்தக் கால்வாய்க் கரை.

6

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா இருந்தாள், கேகாலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். விஷயத்தைக் கேட்டு அழவில்லை, கத்தவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, பச்சச் சட்ட போட்ட அன்னைக்கே ஃபோட்டோ எடுத்து எங்க அண்ணனுக்கு அனுப்பினேன். இப்ப என்னத்த அனுப்புறது?"

"பழைய ஃபோட்டோ இருக்குல்ல, அதையே அனுப்பு."

"சரி, அந்தப் பையனாச்சும் ஓம்னு சொன்னானா?"

"ஃபோன எடுக்க மாட்டேங்கிறான்."

"அவன் வேணாம்னு சொல்லியிருப்பான்" என்றாள் ஸ்டெல்லா. "ஒங்களுக்கும் இல்லாம அவனுக்கும் இல்லாம மூணாவது எவனோ உக்காந்திருப்பான். போங்க."

அவள் சொன்னது காதர் மொதலாளியின் கதைக்கு அப்படியே பொருந்தியதால் என்னால் சாப்பிட முடியவில்லை. ஜெனி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, you resigned? யாரும் fire பண்ணாமலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கதவைப் பிடித்தபடி திரும்பவும் அதையே கேட்டாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாடம் இல்லை என்று நினைக்கிறேன்.

அன்றே ஆட்களை அனுப்பும் முகவர் நிலையத்துக்குப் பேசினேன். கிடங்கில் அனுபவம் உண்டா என்று கேட்டாள் ஒரு பெண். உண்டு என்றேன். விடிந்தால் ஓர் இடத்தில் ஆள் தேவை, திடீரென்று ஒருவர் விட்டுப் போய்விட்டாராம் என்றாள். முகவரியைச் சொன்னாள். எழுதிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் காலை அதே கால்வாய் ஓரமாக, அதே பையோடு திரும்பி நடந்தேன். இந்த முறை பக்கத்து வாசல், முகவர் நிலையத்தின் ஆரஞ்சு நிறச் சட்டை. உள்ளே போனதும் முதலில் பச்சை நிறத்தைத்தான் தேடினேன். ஐந்தாம் கதவடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் தளர்ந்து தொங்கும் பச்சைச் சட்டையோடு ஒருவன் நின்றிருந்தான். அது எனக்குத் தைத்த அளவு. திரும்பினான். நவாஸ்.

"ஓம்னு சொல்லிட்டியா?" என்றேன்.

"இல்ல நானா. வாய் பழகிட்டுது. அவ கேட்ட ஒடனே, எனக்குத் தகுதி இல்ல, வேணாம்னுதான் வந்திச்சி." முகம் சிவந்தது. "அவ, சரி, ஒன் முடிவ மதிக்கிறேன்னு திரும்பினா. அப்ப தெஸ்ஃபாய் கத்தினான். திரும்பக் கேளுங்க, அவங்க ஊர்ல மூணு தரம் கேக்கணும்னு. பொறகு பஞ்சாபி ஐயா கத்தினாரு. பொறகு எல்லாரும். லொறிக்காரன்கள் ஹோன் அடிச்சாங்க. அவளுக்கு வேற வழியில்ல. ரெண்டாந் தரம் கேட்டா."

"நீ?"

"வேணாம்னேன்."

"அடப்பாவி!"

"கொஞ்சம் மெதுவாத்தான் செல்லினேன்" என்றான். "மூணாந் தரம் கேட்டா. எல்லாரும் இவ்வளவு செல்றதாலன்னு செல்லிட்டேன்."

"அப்புறம் ஏன்டா ஃபோன எடுக்கல?"

"சட்டயக் கழட்டி வச்சிட்டுப் போன மனுசன்கிட்ட என்னத்தச் செல்றது நானா? வெக்கமா இரிந்திச்சி."

மாடி ஜன்னலில் டெபி நின்றாள். யாரையோ பார்த்துக் கையசைத்தாள். என்னையா, அவனையா, தெரியவில்லை. ஆரஞ்சுச் சட்டையை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

நவாஸ் சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். அப்படி மரியாதையாக எனக்கு யாரும் துடைப்பம் கொடுத்ததில்லை.

"அஞ்சாம் கதவடிய மட்டும் கூட்டிருங்க நானா. ஏலாட்டி வாணாம்."

"ஏலும், ஏலும்" என்றேன். ஒரே தரத்தில் சொன்னேன்.

கூட்டினேன். பாதிக்கு வரும்போது அவன் பக்கத்தில் வந்து நின்றான். சங்கடத்தோடு காதைச் சொறிந்தான். பிறகு கதவின் இடுக்கைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"நானா, தவறு. மூலையில அப்பிடியே கெடக்கு."

கையைத் தூக்கி ஒப்புக்கொண்டுவிட்டு, மூலைக்குப் போனேன்.